சோமர்லெட் யாருக்குப் பாட்டன்?

மெக்டொனால்ட் என்ற பெயருள்ள ஒருவர் கனடாவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "உங்கள் குலத்தின் மூதாதை யார்?" என்று கேட்டால் சோமர்லெட் என்பார். 12ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளை ஆண்டவன். 1164இல் ரென்ஃப்ரூவில் நடந்த போரில் இறந்தவன். அவனுடைய பேரன் டொனால்டின் பெயரால்தான் இந்தக் குலமே வந்தது. ("மெக்" என்றால் கேலிக் மொழியில் மகன்.)

சரி, அந்தக் கனடாக்காரர் சோமர்லெட் வரை ஆதாரத்தோடு போய்ச் சேர முடியுமா?

முதலில் எல்லாம் சுலபம்தான். 1855 முதல் ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிவு செய்கிறது. அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள். மலைநாட்டிலும் தீவுகளிலும் பல ஊர்களில் இவை 18ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. அதிலும் ஒரே ஊரில் பல ஜான் மெக்டொனால்டுகள்! அதற்கும் முன்னால் போனால், நிலம் வைத்திருந்தவனுக்குப் பத்திரம் இருக்கலாம். உழுதவனுக்கு எதுவும் இருக்காது. நடுவில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வெற்றிடம்.

இந்த வெற்றிடத்தில்தான் கதைகள் குடியேறுகின்றன.

சோமர்லெட்டைக் கூட இருந்தவனே காசு வாங்கிக்கொண்டு கூடாரத்தில் கொன்றான் என்பது குலத்தில் வழங்கும் கதை. ஆனால் கிளாஸ்கோ மதகுரு ஒருவர் அந்தக் காலத்தை ஒட்டி எழுதிய லத்தீன் கவிதை, அவன் போர்க்களத்திலேயே வீழ்ந்தான் என்கிறது. அந்தக் கவிதையும் நடுநிலையானது இல்லை. வெற்றிக்குக் காரணம் தங்கள் ஊர்ப் புனிதர்தான் என்று அது பாடுகிறது!

வம்சாவளியும் இப்படித்தான். குலத்துக் கவிஞர்கள் சோமர்லெட்டின் தந்தைவழியைக் கொல்லா ஊவஷ் என்ற பழைய அயர்லாந்து மன்னன் வரை கொண்டுபோனார்கள். 2000களின் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், இந்தக் குலத்தின் இன்றைய தலைவர்களுடைய ஒய் குரோமோசோமை ஆராய்ந்தார். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் அது அவர்களிடம் ஒரே வகையாக இருந்தது. ஆனால் அந்த வகை நார்வே பக்கம் அதிகம் காணப்படுவது. சோமர்லெட் என்ற பெயரே நார்ஸ் மொழிப் பெயர்தான். கோடையில் பயணம் போகிறவன், அதாவது வைக்கிங், என்று பொருள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சோமர்லெட்டுக்குப் பின்னால் வரும் தலைவர்களின் பட்டியலுக்கு மரபணு வலு சேர்க்கிறது. அவனுக்கு முன்னால் வரும் பட்டியலை அதே மரபணு சந்தேகிக்க வைக்கிறது. கவிஞர்கள் பொய்யர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கேலிக் உலகில் ஆள்வதற்கு அயர்லாந்து மன்னர் பரம்பரை ஒரு தகுதி. அந்தத் தகுதியை எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை. அந்தப் பகுதியைப் பிறப்புச் சான்றிதழாகப் படிக்காமல், பட்டாபிஷேக உரையாகப் படிக்க வேண்டும்.

அந்தக் கனடாக்காரரின் நிலை என்ன? தலைவனின் நிலத்தில் வாழ்ந்த குடியானவர்கள் பலர், ரத்த உறவு இல்லாமலேயே தலைவனின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். அவருடைய முன்னோரும் அப்படிப்பட்டவர்களாக இருக்கலாம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? குலம் என்பது ரத்தம் மட்டும் இல்லையே. ஒரே மண்ணில் உழுது, ஒரே தலைவனுக்காகப் போருக்குப் போனவர்களும் குலம்தான்.

பதிவேடு முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டு, "இதற்கு மேல் தெரியாது" என்று எழுதுவதே நேர்மை. அந்த வெற்றிடத்தில் ஒரு மன்னனைக் கொண்டுவந்து உட்கார வைத்தால், உண்மையிலேயே அங்கே வாழ்ந்து மறைந்த பெயர் தெரியாத உழவன் இன்னொரு முறை காணாமல் போவான். பாட்டன் என்று சொல்ல வேண்டியது அவனைத்தானே?