விபத்து நஷ்ட ஈடும் வாசற்படித் தரகர்களும்

காலையில் ஜீவனத்திற்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டவன் மாலையில் காலும் கையும் முழுதாய்த் திரும்புவது தெய்வாதீனம் என்னும்படியான நிலைமை நமது சாலைகளில் ஏற்பட்டிருக்கிறது. 2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் 1,68,491 பேர் சாலை விபத்துக்களில் மாண்டனர். விபத்துக்களின் எண்ணிக்கையில் அவ்வருஷம் முதல் ஸ்தானம் தமிழ் நாட்டிற்கே கிடைத்தது. இந்தக் கீர்த்தி நமக்கு வேண்டியதில்லை. எனினும் சாலைகளின் சீர்கேட்டைப்பற்றி இன்று நாம் எழுதப்புகவில்லை. விபத்து நேர்ந்த குடும்பத்திற்கு அதன்பின் நேரும் இரண்டாவது விபத்தைப்பற்றியே எழுதத் துணிந்தோம்.

காயம்பட்டவன் ஆஸ்பத்திரியில் பிரக்ஞையற்றுக் கிடக்கிறான். வராந்தாவில் அவன் மனைவி செய்வதறியாது நிற்கிறாள். அவ்வேளையில் பரமோபகாரிபோல் ஒருவர் வந்து சேருகிறார். “கைக்காசு ஒன்றும் வேண்டாம், அம்மா, கேஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வருகிற தொகையில் பங்கு கொடுத்தால் போதும்” என்கிறார். எழுதப்படாத காகிதங்களில் அவளுடைய கையெழுத்து, அல்லது கைநாட்டு, வாங்கப்படுகிறது. வருஷங்கள் கழித்துத் தீர்ப்பாகும்போது தொகை எவ்வளவு, தன் கைக்கு வந்தது எவ்வளவு என்பது அவளுக்கே தெரிவதில்லை.

இப்பேரம் சட்டத்திற்கு முற்றிலும் விரோதமானது என்பதை ஜனங்கள் அறியவேண்டும். வழக்கின் வெற்றியைப் பொறுத்துப் பீஸ் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் கூடாவென்று பார் கவுன்ஸில் விதிகள் வக்கீல்களைத் தடுக்கின்றன. மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டில் சதவிகிதம் கேட்ட ஒரு வழக்கிலேயே, அத்தகைய ஒப்பந்தம் பொது நன்மைக்கு மாறானது, செல்லாது என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். தரகர்களின் ஜாபிதா தயாரித்து அவர்களைக் கோர்ட்டு வளாகத்தினின்று விலக்கவும், மீறுவோரைத் தண்டிக்கவும் 2023-இல் வக்கீல் சட்டம் திருத்தப்பட்டது. வக்கீல் தொழிலை நாம் இழித்துரைப்பதாக எவரும் எண்ணலாகாது. தூத்துக்குடியில் வக்கீலாயிருந்த ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையைப் பெற்ற தேசம் இது. யோக்கியமான வக்கீலின் உழைப்புக்கு நியாயமான பீஸ் கொடுத்தே தீரவேண்டும். நாம் கண்டிப்பது பிணத்தை வைத்துப் பேசும் பேரத்தையே.

சட்டம் தெரியாதவரிடமே தரகன் வியாபாரம் நடக்கும். ஆகையால் சட்டத்தைச் சிறிது சொல்வோம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி நஷ்ட ஈட்டு மனுவை விசாரிக்கத் தனி நியாயஸ்தலங்கள் உள்ளன. விபத்து நடந்த ஊரில்தான் மனுச் செய்யவேண்டுமென்பதில்லை. பாதிக்கப்பட்டவர் வசிக்கும் ஊரிலேயே செய்யலாம். 2022-ஆம் வருஷத்து விதிகளின்படி போலீஸார் 48 மணி நேரத்திற்குள் முதல் அறிக்கையும், 90 நாட்களுக்குள் விவரமான அறிக்கையும் நியாயஸ்தலத்திற்கு அனுப்பவேண்டும். அவ்வறிக்கையையே மனுவாக ஏற்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் நமூனாவைப் 10 நாட்களுக்குள் அவரிடம் கொடுக்கவேண்டியதும் போலீஸாரின் கடமை. அந்த நமூனாவைக் கேட்டு வாங்குகிறவர் தரகனைத் தேடவேண்டியதேயில்லை.

எவ்வளவு கிடைக்கும் என்பதில்தான் ஏமாற்றம் அதிகம். மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கும் 34 வயதுத் தையற்காரர் ஒருவர், பிறருடைய கவனக்குறைவால் இறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மனைவி, இரு குழந்தைகள், தாயார் ஆக நால்வர் அவரை நம்பியிருந்தனர். வருஷ வருமானம் 1,44,000. சுயதொழில் செய்த நாற்பது வயதுக்குட்பட்டவராதலால், பிற்காலத்தில் உயரக்கூடிய சம்பாத்தியத்திற்காக நூற்றுக்கு நாற்பது கூட்டினால் 2,01,600. அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கு கழித்தால் 1,51,200. அவ்வயதிற்குரிய பெருக்கெண் 16. ஆகத் தொகை 24,19,200 ரூபாய். இதற்குமேல் ஈமச் செலவு முதலியவை. சுப்ரீம் கோர்ட்டார் 2009-லும் 2017-லும் வகுத்த கணக்கு இது. ஏட்டுக் கல்வி சிறிதுடையவரும் போட்டுப் பார்க்கலாம்.

இதே குடும்பத்தினரிடம், எவர் குற்றமென்ற விசாரணையின்றிச் சட்டத்தின் 164-வது ஷரத்தின்கீழ்க் கிடைக்கும் 5 லட்ச ரூபாயை இன்ஷூரன்ஸ் கம்பெனி நீட்டலாம். பசித்தவர் கண்ணுக்கு அது பெரிய தொகைதான். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் நியாயஸ்தலத்திலுள்ள மனு அற்றுப்போகும். குற்றம் யாருடையதென்று நிரூபிக்க வழியில்லாதவர்க்கு அந்த ஷரத்து வரப்பிரசாதம். சாட்சியம் கைவசமுள்ளவர்க்கோ அது கண்ணியாக முடியலாம். கையெழுத்திடுமுன் ஒருநாள் யோசிப்பதால் எதுவும் கெட்டுவிடாது.

உயிர் பிழைத்து அங்கஹீனமுற்றவர் விஷயம் வேறு. டாக்டர் எழுதும் சதவிகிதம் மட்டும் போதாது. அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு கெடுத்தது என்பதே அளவு என்று 2010-இல் சுப்ரீம் கோர்ட்டார் தெளிவாக்கினர். விரலிழந்த குமாஸ்தாவும் விரலிழந்த தச்சரும் சமமல்லர். ஆகவே மருந்துச் சீட்டு, பில், டிஸ்சார்ஜ் காகிதம், சம்பள ரசீது ஒன்றையும் எறியலாகாது. மோதிய வண்டி இன்னதென்று தெரியாமற்போனாலும் இறந்தவர் குடும்பத்திற்கு 2 லட்சமும், கடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் உண்டு.

ஸர்க்காரிடம் நமக்கு ஒரு குறை. 1994-இல் நீக்கப்பட்ட காலவரையறையை 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தில் மீண்டும் புகுத்தி, 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதம் என்று விதித்தனர். புருஷனை இழந்தவள் துக்கம் தெளிந்து எழுவதற்குள் கதவு அடைபட வேண்டுமா? தாமதம் ஒன்றையே காரணமாக்கி மனுக்களைத் தள்ளலாகாதென்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் இடைக்கால உத்தரவிட்டது ஆறுதலே. ஆயினும் இடைக்கால உத்தரவை நம்பி எவரும் காலங்கடத்த வேண்டாம். ஷரத்தையே எடுத்தெறிவதுதான் பார்லிமெண்டுக்கு அழகு.

கைப்பொருளில்லாதவர் என்செய்வார் எனின், 1987-ஆம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், அங்கஹீனர் ஆகியோர் வருமானக் கணக்கின்றியே இலவசமாக வக்கீல் பெறலாம். ஜில்லாக் கோர்ட்டிலும் தாலூகாக் கோர்ட்டிலும் இதற்குரிய குழுக்கள் உள. டெலிபோன் எண் 15100. லோக் அதாலத்தில் சமரசம் செய்துகொள்வதும் நன்றே. ஆனால் அதன் முடிவுக்கு அப்பீல் இல்லை, தொகை போதாதென்று தோன்றினால் இசையாதிருக்க உரிமையுண்டு.

ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவு வாசலிலும் இவ்வெண்ணையும், பங்கு கேட்பது குற்றம் என்ற அறிவிப்பையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்க ஸர்க்காருக்கு என்ன கஷ்டம்? அதுவரையில் நமது வாசகர்களில் பொதுத் தொண்டில் ஈடுபட்டோர் கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் ஆஸ்பத்திரிக்குள் சிறிது நுழையட்டும். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்திட வேண்டாமென்றும், தொகையைத் தம் பெயரிலுள்ள பாங்குக் கணக்கிலேயே பெறவேண்டுமென்றும் அங்கே நிற்கும் அம்மையாரிடம் எடுத்துச் சொல்லி, மறுநாள் சட்ட உதவிக் குழுவிற்குத் துணையாகச் சென்று வரட்டும்.