வேடத் துக்ளக்கும் வரலாற்றுத் துக்ளக்கும்

மேடையில் நாடகம் படைத்து, பின்னர் நாடாளும் பொறுப்பையும் ஏற்ற பேரறிஞர் அண்ணா பிறந்த ஊர் காஞ்சி. அரங்கச் சொல்லுக்குரிய ஆற்றலை இவ்வூரார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அண்ணா முதலமைச்சராயிருந்த 1968ஆம் ஆண்டில் மேடையேறி, 1971இல் திரைப்படமானது 'முகமது பின் துக்ளக்'. சோ ராமசாமி இயக்கிய முதற்படம் அது. அதனை இன்று மீண்டும் எண்ணிப் பார்ப்பது பயனுடைத்து.

கதை நடவாத ஒன்று. அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய கல்லறையிலிருந்து துக்ளக்கும் இப்னு பதூதாவும் உயிருடன் எழுகின்றனர். நாடு அவர்களை நம்புகிறது, துக்ளக் பிரதமராகிறார். கட்சி தாவி வந்தோர்க்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி. மொழிச் சிக்கலுக்குத் தீர்வு பாரசீகம்! 1965ஆம் ஆண்டின் மொழிப்போர் நினைவு ஆறாதிருந்த தமிழகம் இதனைக் கண்டு நகைத்ததில் வியப்பில்லை.

ஆயின் ஒன்றை நாம் மறந்துவிட்டோம். படத்தில் வருபவர் துக்ளக் அல்லர். துக்ளக் வேடமிட்ட நம் காலத்து மனிதர். வேடத்தைக் களைய வேண்டிய வேளையில் பதவிச் சுவை அவரைத் தடுக்கிறது. எனவே, அந்நகைச்சுவையின் இலக்கு தில்லி சுல்தான் அன்று. கைதட்டும் கூட்டமும் கைதட்டலுக்கு மயங்கும் தலைவனுமே. நாமோ பழியைச் சுல்தான்மீது சுமத்தி, அறிவற்ற ஆட்சிக்கெல்லாம் 'துக்ளக் தர்பார்' என்று பெயரிட்டு அமைந்துவிட்டோம். வரலாற்று வகுப்பில் அப்பெயரை உச்சரித்ததும் சிரிப்பெழுகிறது. பாடம் அங்கேயே நின்றுவிடுகிறது.

1325 முதல் 1351 வரை ஆண்ட அம்மன்னரின் பிழைகள் மறைக்கத்தக்கன அல்ல. தலைநகரைத் தேவகிரிக்கு மாற்றியதால் மக்கள் துயருற்றனர். அவர்தம் கொடைச் சிறப்பையும் கொலைத் தண்டனைகளையும் ஒருங்கே எழுதியவர், அவரிடம் காஜியாகப் பணிபுரிந்த இப்னு பதூதா. அவரே மற்றொரு செய்தியும் தருகிறார்: தம்மீது இந்துப் பிரமுகர் ஒருவர் வழக்குத் தொடுத்தபோது, சுல்தான் படைக்கலமின்றி நடந்து சென்று காஜியின் முன் நின்றார். அடையாள நாணயத் திட்டம் தோற்றபோதும், செப்புக் காசுகளைப் பெற்றுக்கொண்டு கருவூலத்திலிருந்து ஈடு வழங்கினார்.

திரையின் துக்ளக் பிழையை உணர்ந்தும் பதவியை விடவில்லை. வரலாற்றின் துக்ளக் பிழைக்கு விலை கொடுத்தார். இவ்விருவருள் நம் காலத்தை ஒத்தவர் எவர் என்பதை மாணவர்கள் சிந்திக்க வேண்டும்.

உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இணைப்பது நம்மூர்க் கோர்வைப் பட்டு. எவ்வளவு நுட்பமாக இணைத்தாலும், உடல் எது, கரை எது என்பதை நெசவாளி அறிவார். கதையையும் வரலாற்றையும் அவ்வாறே பகுத்தறிதல் கற்றோர் கடன். படத்தைக் கண்டு மனமாரச் சிரிப்போம். சிரித்த பின் நூலகத்திற்கும் செல்வோம்.