முகக்கவசம் அவிசுவாசமல்ல



நம் சபையில் ஒரு தாய், தன் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்துத் தன் நான்கு வயது மகளைப் பிழைப்பித்திருக்கிறாள். அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து மாதங்களுக்குப்பின், சென்ற ஞாயிறு அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வந்தது. ஆலயத்துக்குள் வராமல், வெளிமுற்றத்து வேப்பமரத்தடியில் குழந்தைக்கு முகக்கவசம் அணிவித்து அமர்ந்திருந்தார்கள். நம்மில் ஒருவர் அந்தத் தாயிடம், "இவ்வளவு பெரிய அற்புதம் செய்த ஆண்டவர் இருமல் சளியிலிருந்து காக்கமாட்டாரா? அதைக் கழற்றம்மா, விசுவாசம் வேண்டாமா?" என்று கேட்டார். அவள் கண்கலங்கி வீடு திரும்பினாள். அவள் சொல்லாத பதிலை நான் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் உண்மையை அறிவோம். பிறருடைய உறுப்பை உடல் அந்நியமென்று கண்டு எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கவே டாக்ரோலிமஸ் போன்ற மருந்தை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நேரம் தவறாமல் கொடுக்கிறார்கள். அதே மருந்து, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் பெலனையும் குறைத்துவிடுகிறது. முதல் மாதங்களில் மருந்தின் அளவு அதிகம், ஆபத்தும் அதிகம். நம் பிள்ளைகளுக்கு ஓரிரு வாரத்தில் ஆறிவிடும் சின்னம்மை, இவளுடைய உயிருக்கே கேடாக முடியலாம். சின்னம்மை, தட்டம்மைத் தடுப்பூசிகளில் வலுவிழந்த உயிர்க்கிருமிகள் இருப்பதால், உறுப்பு மாற்றத்துக்குப்பின் அவற்றைப் பொதுவாகப் போடுவதில்லை. ஆகவே, அவளைச் சூழ்ந்திருக்கும் நம் பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் ஊசியே அவளுக்குக் கேடகம்.

இனி விசுவாசத்தைப் பற்றிப் பேசுவோம். தேவாலயத்து உப்பரிகையில் நின்ற நம் ஆண்டவரை, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், தாழக் குதியும் என்று தூண்டினான் சோதனைக்காரன் (மத்தேயு 4). அவர் குதிக்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவாயிருந்ததா? வேதவசனத்தைக் காட்டிக் குதிக்கச் சொன்னவன் யார் என்பதை மறவாதிருங்கள்.

பலவீனனான ஒரு சகோதரனுக்காகத் தன் உரிமையையே விட்டுவிட ஆயத்தமாயிருந்தார் பவுல் (1 கொரிந்தியர் 8). அங்கே பலவீனம் மனச்சாட்சியில், இங்கே சரீரத்தில். அன்பின் பிரமாணம் ஒன்றே. நாமோ ஒரு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிடும் உரிமையைக்கூட விட மனமில்லாதிருக்கிறோம்.

"இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் பிள்ளை எப்படித் தேறும்?" என்பீர்கள். அவள் பள்ளிக்குச் செல்வாள், ஓடி விளையாடுவாள், அடம்பிடித்தால் கண்டிக்கவும்படுவாள். எந்தக் கதவை எப்போது திறப்பது என்பதை மருத்துவரோடு கலந்து பெற்றோர் தீர்மானிப்பார்கள். அது நம் வேலையல்ல.

என் குற்றத்தையும் அறிக்கையிடுகிறேன். கடந்த ஆண்டு ஒரு ஞாயிறு காய்ச்சலோடு பிரசங்கித்து, அதை ஊழிய வைராக்கியம் என்று எண்ணினேன். பின்பு வாசலில் நின்று எத்தனை குழந்தைகளின் தலைமேல் கைவைத்து ஆசீர்வதித்தேன்! அது வைராக்கியமல்ல, அசட்டை.

ஆகவே சபையாரே, காய்ச்சலோ இருமலோ இருந்தால் வீட்டிலிருந்தே ஜெபியுங்கள். அந்த ஞாயிறு அதுவே உங்கள் ஆராதனை. பிள்ளைகளின் தடுப்பூசிகளைத் தவறவிடாதிருங்கள். வீட்டில் யாருக்கேனும் அம்மை கண்டால் மறைக்காமல் அன்றைக்கே எனக்கோ அந்தப் பெற்றோருக்கோ சொல்லுங்கள். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னமே சின்னம்மை தொற்றும். செய்தி தாமதியாமல் வந்தால் மருத்துவர் தடுப்பு மருந்து கொடுக்க இயலும். கேளாமல் குழந்தையைத் தொடாதிருங்கள். பாசத்தோடு ஆனாலும் தின்பண்டம் ஊட்டாதிருங்கள்.

ஒன்று மாத்திரம் செய்யாதிருங்கள்: எச்சரிக்கை என்ற பெயரில் அவர்களைத் தள்ளிவைக்காதிருங்கள். வருகிற ஞாயிறு வேப்பமரத்தடியில் சில பெஞ்சுகளைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். சுகமாயிருக்கிறவர்கள் சிலர் அங்கே வந்து அமருங்கள். நாம் பாடுவதை அந்தக் குழந்தை தனியே கேட்கவேண்டாம்.

கர்த்தர் நம்மைப் பலவீனரைத் தாங்கும் சபையாக்குவாராக. ஆமென்.