மாடிப்படி யாருடையது?

2023 அக்டோபர் 6, விடியற்காலை 3 மணியளவில், மும்பை கோரேகாவ் மேற்கில் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் கட்டப்பட்ட மாடிக் கட்டடமொன்றில் தீப்பிடித்தது. பற்றியது கீழ்த்தளத்தில், வண்டிகளும் துணி மூட்டைகளும் கிடந்த இடத்தில். புகையோ மேல்மாடிகள்வரை ஏறிற்று. அன்றே 7 உயிர்கள் பலியாயின. 40 பேருக்கு மேல் மருத்துவமனை சேர்ந்தனர். மாண்டவர் எந்த மொழியினர் என்று நாம் கேட்கவில்லை. அது நாம் வாழும் கட்டடம் போன்றதுதான்.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் தகரக் கூரையை விட்டு மாடிக்குப் போனவர்கள் நம்மவர்கள். குடிசையில் தீ என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்துக்கு ஓடினோம். ஆறாம் மாடியில் சந்து ஏது? மாடிப்படிதான் சந்து. அதில் பழைய கட்டில், சைக்கிள், இட்லிக் கொப்பரை, சிலிண்டர்! தொடக்கத்தில் தந்த 225 சதுர அடி வீட்டில் ஆறு பேர் இருந்தால் சாமானை எங்கே வைப்பது என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த அளவை வகுத்தவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் புகை அந்தப் பதிலுக்குக் காத்திராது.

அண்மையில் நம் சங்கத்தார் ஒரு கட்டடத்தில் ஏறிப் பார்த்தோம். மாடிக்கு மாடி சிவப்புக் குழாய் நின்றது. திருகினால் சொட்டுத் தண்ணீர் இல்லை. மீட்டர் பெட்டிகளின் அடியில் அட்டைப்பெட்டிகள். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு. சாவி கமிட்டிக்காரரிடம், அவரோ ஊருக்குப் போயிருந்தார். (ரயில் நிலையத்து மணல் வாளியில் வெற்றிலை எச்சில் துப்புவோரை நாள்தோறும் பார்த்த நமக்கே வியப்பாக இருந்தது.)

மகாராஷ்டிரத்தின் 2006ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டப்படி, தீயணைப்புச் சாதனங்கள் சரியாக இயங்குகின்றன என்று உரிமம் பெற்றவர்களிடம் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், சான்று பெற்றுத் தாக்கல் செய்ய வேண்டும். 'பி' படிவம் என்பார்கள். சொசைட்டிக் கட்டடத்தில் இதைச் செய்ய வேண்டியது கமிட்டி. மாதந்தோறும் பராமரிப்புப் பணம் கட்டும் நாம் அந்தத் தாளைக் கண்ணால் கண்டதுண்டா? மராத்தி, இந்தி பேசும் அண்டைவீட்டாரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். தனியாளாகக் கேட்டால் விரட்டுவார்கள்.

தீ நம் வீட்டிலேயே என்றால் எல்லோரும் வெளியேறிக் கதவை இழுத்துச் சாத்துங்கள். கீழே எங்கோ தீ, படியெல்லாம் புகை என்றால் அதற்குள் இறங்காதீர்கள், லிஃப்டில் ஏறாதீர்கள். கதவை மூடி, இடுக்கில் ஈரத்துணி அடைத்து, 101க்குத் தொலைபேசி செய்து, சன்னலில் நின்று கூவுங்கள். சன்னல் கம்பிக்கூண்டு வைத்திருப்பவர்கள் அதில் திறக்கும் கதவொன்று போடச் சொல்லுங்கள். சாவி பிள்ளைகளுக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

இவ்விதழ் கைக்கு வந்த ஞாயிறன்றே படிகளைக் காலி செய்வோம். மறுநாள் கமிட்டியிடம் தாளைக் கேட்போம். காட்ட மறுத்தால் கட்டடத்தின் பெயரைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மனு எழுதுவது நம் வேலை.