பட்டம் கையில், பதிவு எங்கே?

திருப்பதியில் குமாஸ்தாவாக இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தார். கையில் பெயிண்டர் எழுதிக் கொடுத்த மாதிரித் தாள். அவருடைய மூத்த பெண் மனவியலில் எம்.எஸ்சி. தேறிவிட்டாள். வீட்டு முன் அறையில் 'மனநல ஆலோசனை நிலையம்' என்று போர்டு மாட்டிவிடலாம் என்பது அவர் திட்டம்.

"அண்ணா, மேலே தெலுங்கிலும் கீழே தமிழிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். பெண் பெயருக்குப் பின்னால் என்ன போடலாம், சொல்லுங்கள்" என்றார்.

"பதிவு எண் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"பதிவா? பட்டம்தான் இருக்கிறதே! மருந்தா கொடுக்கப் போகிறாள்? பேசத்தானே போகிறாள்?"

அவரைக் குறை சொல்வதற்கில்லை. நம் நாட்டு நிலைமை அப்படி. மருந்துக் கடையில் பார்மசிஸ்டுக்குப் பதிவு உண்டு, ஊசி போடும் நர்ஸுக்கு உண்டு, வக்கீலுக்கு உண்டு. வாழ்க்கையே வேண்டாம் என்று வந்து உட்காருகிறவனிடம் பேசும் ஆலோசகரை மட்டும், "உன் எண் என்ன?" என்று எவரும் கேட்பதில்லை.

பேச்சுதானே என்று விட்டுவிட முடியாது. சித்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், இன்டர்மீடியட்டில் தோற்ற பையனை இப்படி ஒரு போர்டைப் பார்த்து அழைத்துக்கொண்டு போனது. நாலைந்து வாரம் பையன் மனம் விட்டுப் பேசினான். அவன் பேசியதையெல்லாம் அந்த ஆலோசகர் அப்பாவிடம் அப்படியே ஒப்பித்துவிட்டார். அன்று இரவு வீட்டில் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு அந்தப் பையன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவனுடைய தாயார் என்னிடம், "இதை யாரிடம் போய்ச் சொல்வது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

லைசென்ஸ் என்றால் ஆலோசகருக்குக் கிடைக்கும் மரியாதை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தத் தாயாரைப் போன்றவர்களுக்குப் புகார் சொல்ல ஓர் இடம் வேண்டுமே, லைசென்ஸ் முதலில் அதற்குத்தான். புகார் நிரூபணமானால் பேரை அடித்துவிட ஒரு பதிவேடு இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு மாநிலந்தோறும் உண்டு. 1976-ல் விர்ஜீனியா முதலில் சட்டம் செய்தது. 2009-ல் கலிபோர்னியா கடைசியாகச் சேர்ந்தது. அங்கே முதுகலைப் பட்டம் வாங்கியவுடன் போர்டு மாட்ட முடியாது. லைசென்ஸ் பெற்ற மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 மணி நேரம் வரை, மாநிலத்துக்குத் தக்கபடி, வேலை பார்க்க வேண்டும். பரீட்சையும் தேற வேண்டும்.

நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' எனப்படும் மருத்துவ மனவியலாளரைப் பதிவு செய்கிறது. பதிவில்லாமல் அந்தத் தொழில் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. வெறும் எம்.ஏ., எம்.எஸ்சி. மனவியல் அதற்குப் போதாது. அதற்குமேல் ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு கூடிய 2 ஆண்டு எம்.பில். படிப்பே நெடுங்காலம் வழியாக இருந்தது. எம்.பில். பட்டத்தையே 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு கைவிட்டதால் படிப்புகள் மாறி வருகின்றன. சம்பளத்தில் பிடித்தம் போட்டுப் பணம் கட்டும் பெற்றோர்கள், கல்லூரி விளம்பரத்தை நம்பாமல் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

மற்ற மனவியலாளர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் 2021-ல்தான் வழி பிறந்தது. துணை மருத்துவத் தொழிலினர் தேசிய ஆணையச் சட்டம் அவர்களையும் தன் பட்டியலில் சேர்த்து, மாநிலந்தோறும் கவுன்சிலும் பதிவேடும் வேண்டும் என்றது. சட்டம் வந்தது, வேலை நகரவில்லை. மாநிலங்களை விரட்ட 2024-ல் சுப்ரீம் கோர்ட்டே தலையிட வேண்டியிருந்தது.

இனியும் மெத்தனமாக இருக்க முடியாதபடி இன்னொரு தீர்ப்பும் வந்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் 'நீட்' பயிற்சிக்குச் சேர்ந்த மாணவி ஒருவரின் மரணத்தைப் பற்றிய வழக்கில், 2025 ஜூலை 25-ல், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர், மனவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் அந்தத் 'தகுதி'யை அளக்கும் பதிவேடு சரியாக இல்லாவிட்டால், விடுதிக் கல்லூரிகள் டிரில் மாஸ்டருக்கே அந்தப் பட்டத்தையும் சூட்டிவிட்டு ரிஜிஸ்தரில் கையெழுத்து வாங்கிவிடும். நம்மவர் குழந்தைகள் படிப்பதும் அந்த விடுதிகளில்தான்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. இந்த ஜில்லாவில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்குத் தெருவிலும் பள்ளியிலும் தெலுங்கு, வீட்டில் தமிழ். ஆபீசில் நாள் முழுதும் தெலுங்கில் சமாளிக்கிறவர்கூடத் துக்கம் என்று வந்தால் தமிழில்தான் அழுகிறார். சித்தூரிலிருந்து நம்மவர்கள் பஸ் ஏறி வேலூர் பாகாயத்து மனநல மையத்துக்குப் போவதில் மொழிக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். (அவசரத்துக்கு 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' இருக்கிறது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.) இரு மொழியும் அறிந்த ஆலோசகர்கள் திருப்பதிக்கும் சித்தூருக்கும் நிறையவே வேண்டும். அவர்கள் பதிவேட்டின் வழியாக வரட்டும். தமிழ்ச் சங்கங்களும் ஊழியர் சங்கங்களும் அமராவதிக்கு மனுப் போடும்போது, ரயில் வசதியோடு இதையும் ஒரு வரி சேர்த்துக் கேட்டால் என்ன?

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "இன்னும் 2 வருஷமா?" என்றார். பெண்ணோ அப்பாவுக்கு முன்பே விசாரித்து வைத்திருந்தாள். நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அதுவரை ஒரு டாக்டரின் கீழ்ப் பயிற்சிக்குப் போகிறாள், சம்பளமில்லாமல். போர்டுக்குக் கொடுத்த முன்பணத்தைப் பெயிண்டர் திருப்பித் தர மறுத்துவிட்டார். அந்தக் கணக்கில் நண்பருடைய தம்பியின் ஜெராக்ஸ் கடைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.