நெய்தற்கரையின் எதிர்ப்பாட்டு

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிகளில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், அன்றிரவு கானாப் பாடகரை அழைப்பது உழைக்கும் மக்களின் வழக்கம். மூட்டை சுமந்தவரும் வலை இழுத்தவரும் ஆலையில் உழைத்தவரும் சுற்றி அமர்ந்திருக்க, விடியுமட்டும் பாட்டு நடக்கும். பாடகர் இருவராகிவிட்டால் அது போட்டியாகும். ஒருவர் பாட்டால் வினா விடுப்பார். மற்றவர் அதே மெட்டில் விடையிறுத்தாக வேண்டும்.

தமிழ்ப்பற்றாளருட் பலர் இதைக் காதுகொடுத்துக் கேட்பதில்லை. கொச்சை மலிந்தது, பிறமொழிச் சொல் நிரம்பியது என்பர். குற்றச்சாட்டு பொய்யன்று. 'கானா' என்னும் பெயரே இந்தியில் பாட்டைக் குறிக்கும் சொல். கடற்கரைச் சோலையைக் குறிக்கும் 'கானல்' என்பதினின்று அது பிறந்ததென்று நாட்ட ஆசை எழலாம். ஆயினும் ஒலியொப்புமை மட்டும் சான்றாகாது. பெயர் வந்தேறியதாலேயே கலையும் வந்தேறியதாகிவிடுமா என்பதே வினா.

புகார்க் கடற்கரையில் கோவலன் யாழ் மீட்டிப் பாடினான். அவன் வேறொருத்தியை நினைந்து பாடினான் என்று கருதிய மாதவி, யாழை வாங்கித் தானும் வேறு குறிப்புடையாள் போலப் பாடினாள். அவ்வெதிர்ப்பாட்டு இருவரையும் பிரித்தது. சிலப்பதிகாரக் கதையையே திருப்பியது. கானல்வரி பாடிய நெய்தல் நிலத்திற்கு எதிர்ப்பாட்டை எவரும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

வெளியிலிருந்து வந்ததையும் தமிழ்மண் தனதாக்கிக் கொண்டதுண்டு. இலாவணி, தஞ்சையை ஆண்ட மராட்டியர் வழி வந்தது. அவர்கள் நாட்டில் சிவன் பெரிதா, சத்தி பெரிதா என வழக்கிட்ட பாட்டு, இங்கே காமன் விழாவிற் புகுந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி'யாகப் பிரிந்து வழக்காடியது. அரசியலார் ஒருவரையொருவர் சாடுவதை 'இலாவணி பாடுகிறார்கள்' என இன்றும் சொல்கிறோம்.

துணையைக் கவரப் போட்டியிட்ட குரலிலிருந்தே இசை கிளைத்தது, அது பேச்சுக்கும் முற்பட்டது என்று தார்வின் 1871இல் எழுதினார். அது மெய்யோ அன்றோ, போட்டி இசையை எவ்வாறு வளர்க்கிறது என்பதைக் காசிமேட்டிற் காணலாம். மெட்டு எல்லாரும் அறிந்ததாக இருத்தல் வேண்டும். இல்லையேல் எதிராளி அதைத் தாங்கிப் பிடிக்க இயலாது. ஆகவே பண் பழையதாகவும் சொல் புதிதாகவும் அமைகிறது. உடன்பாடுவோர் ஈற்றடியைத் திருப்பிப் பாடும் சில நொடிகளில் அடுத்த விடை பிறக்கிறது. மடக்கிப் பாடுதல் இனிமை கருதி வந்ததென இசைவாணர் கூறலாம். எதிர்ப்பாட்டுக்காரனுக்கு அது மூச்சு வாங்கும் இடம்.

உலகில் வேறு மாந்தரும் இதை அறிவர். கிரீன்லாந்துப் பழங்குடியினர் வழக்குத் தீர்க்கவே ஊரார் முன் பறை முழக்கி ஒருவரையொருவர் எள்ளிப் பாடினர். ஊர்ச் சிரிப்பே தீர்ப்பு. தமிழர்க்குப் பாடமாவது பாசுக்கு இனத்தார் செய்தது. பிராங்கோவின் கொடுங்கோன்மையில் அவர்கள் மொழி நசுக்கப்பட்டது. ஆயினும் கொடுத்த பொருளில் உடனுக்குடன் கட்டிப் பாடும் 'பெர்ட்சோ' மடியவில்லை. 1935இல் தொடங்கிய பெரும்போட்டி இன்று நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. இறுதிச் சுற்றைக் காண பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் திரள்கின்றனர். சிறுவர்க்கு அதைக் கற்பிக்கப் பள்ளிகள் உள்ளன. சந்தையிலும் சாராயக் கடையிலும் பாடப்பட்டதை அவர்கள் இழிவென்று தள்ளவில்லை, மொழிக்குக் காவலாக்கினர்.

நாமோ கானாவைத் திரைப்படத்திடம் விட்டுவிட்டோம். 1990களில் தேவாவின் இசைவழி அது நாடெங்கும் பரவியது, நன்று. ஆனால் திரையில் பாடுபவன் ஒருவன். அவனுக்கு மறுமொழி பாட எதிரே ஆளில்லை.

காளமேகம் பிறர் கொடுத்த ஈற்றடிக்கு அங்கேயே வெண்பா பாடியதாக மாணவர்க்குக் கதை சொல்கிறோம். அம்மாணவரையே எதிரெதிர் நிறுத்தி, ஈற்றடி கொடுத்து, கானா மெட்டில் நல்ல தமிழில் பாடச் சொன்னால் என்ன? பாடுபொருளுக்கா பஞ்சம்? 2023 திசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. ஒருவன் ஆலையின் பக்கம் நின்று பாடட்டும். மற்றவன் மீனவன் பக்கம் நின்று விடை சொல்லட்டும்.