சதவிகிதப் பிழையும் மாணவரின் நேர்மையும்

பௌதிகச் சோதனைச்சாலைகள் பலவற்றில் ஒரு தீய வழக்கம் காணப்படுகிறது. பாடநூலிலுள்ள விடையை முதலில் அறிந்துகொண்டு, அதற்கு இசையுமாறு அளவீடுகளை எழுதிவைப்பதே அது. பிழை குறைந்தால் மதிப்பெண் மிகும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் களையப்படவேண்டும்.

சதவிகிதப் பிழையைக் கணக்கிடும் முறை எளியது. அளந்து பெற்ற மதிப்புக்கும் ஏற்கப்பட்ட மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை, ஏற்கப்பட்ட மதிப்பால் வகுத்து 100-ஆல் பெருக்கவேண்டும். டில்லியில் ஒரு மாணவர் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண்பதாகக் கொள்க. நூலின் நீளம் 100 செ.மீ.; 20 அலைவுகளுக்கு ஆன நேரம் 40.4 வினாடி. இவற்றிலிருந்து முடுக்கம் வினாடிக்கு வினாடி 9.68 மீட்டர் என வரும். டில்லிக்கு உரிய மதிப்பு 9.79. வேறுபாடு 0.11, எனவே பிழை 1.1 சதவிகிதம்.

இனி இரு வழிகள் உள்ளன. 40.4 என்பதை 40.2 என மாற்றி எழுதினால் விடை 9.77 ஆகிவிடும், பிழையும் 0.2 சதவிகிதமாகச் சுருங்கும். மற்றொரு மாணவரோ பிழை புகுந்த இடத்தைத் தேடுகிறார். ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை கொள்ளவேண்டும் என்பதையும், குண்டின் ஆரமாகிய 1 செ.மீ. விடுபட்டதையும் உணர்கிறார். நீளத்தை 101 செ.மீ. எனக் கொண்டு கணக்கிட, அவருக்கும் 9.77 கிடைக்கிறது. எஞ்சிய சிறு பிழை, கடிகாரத்தை நிறுத்தும் கையின் தாமதத்தில் அடங்கிவிடும். ஏட்டில் இரு விடைகளும் ஒன்றே. ஆயினும் ஊசலின் இயல்பைக் கற்றவர் ஒருவரே.

காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், இரசாயனச் சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிட ஏறத்தாழ 0.5 சதவிகிதம் அடர்த்தி மிக்கதாயிருப்பதை ராலே பிரபு கண்டார். அச்சிறு வேறுபாட்டை அவர் மறைத்தாரில்லை. 1892-இல் அதனை வெளியிட்டு, காரணம் கூறுமாறு பிற அறிஞரை வேண்டினார். 1894-இல் அவரும் ராம்சேயும் ஆர்கான் என்னும் புதிய வாயுவைக் கண்டறிய அவ்வேறுபாடே வழிகாட்டியது.

ஆதலின், விடையின் நெருக்கத்திற்கு மட்டும் மதிப்பெண் வழங்குவதைத் தேர்வாளர்கள் கைவிடுதல் வேண்டும். பிழைக்கு மாணவர் காட்டும் காரணத்திற்கும் உரிய பங்கு அளித்தல் வேண்டும். முதலில் கண்ட அளவீட்டை அழிக்காது மையால் எழுதிவைப்பதே சோதனைச்சாலையின் முதற்பாடமாக அமைதல் நலம்.